புள்ளின்னா உருண்டையா இருக்கோணும்

முன்னாலயே உக்காருங்க சார். பின்னால உக்காந்தா இந்த மலையில வயித்தப் பொரட்டும். பையத் தூக்கிப் பின்னால போடுங்க. பெல்ட்டு போட்டுட்டீங்களா, சரி. வால்பாறையில இருந்து எறங்கறதுக்குள்ள நாப்பது கொண்டை ஊசி வளைவு. பயப்படாதீங்க. பொள்ளாச்சி ஸ்டாண்டுல போயி பட்டீஸ்வரன்னு கேட்டுப் பாருங்க, மலைக்குன்னா அவருதான்னு சொல்லுவாங்க. மீசை மொளைச்ச நாள்ல இருந்து இந்த ரோட்டுல ஓட்டறேன், வண்டியில ஒரு கீறல் கெடையாது. அந்த எடது பக்கக் கதவுல இருக்கறதுங்களா? அது கீறல் இல்லீங்க, பாலத்துக் கட்டைச் செவுரு ஒரசுனது. செவுத்த ரோட்டுக்குள்ள கொண்டாந்து கட்டி வெச்சிருக்கானுக.

தண்ணி பாட்டலா? டேஷ்போர்டத் தொறங்க, உள்ள இருக்கும். பக்கத்துல துணியில சுத்தி ஒண்ணு இருக்குதில்ல, பிரிச்சே பாருங்க. கேமரா லென்சு இல்லீங்க அது. ரெட் டாட் சைட்டு. துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்கறது. மூஞ்சி அப்படிப் போக வேண்டாம், ஏர் கன்னுதான், தோப்புல கொரங்கு வெரட்டறதுக்கு வாங்குனது. துப்பாக்கி இப்ப எங்கிட்ட இல்ல. எங்க ஊட்டுக்காரி அதைத் தூக்கி அட்டாலியில போட்டுட்டு ஏணியவும் ஒளிச்சு வெச்சுட்டா. மிச்சம் இந்தச் சனியன் மட்டுந்தான். என் வயித்தெரிச்சல் பூராவும் அதுக்குள்ளதான் இருக்குது. இப்பக் கண்ணுல வெக்காதீங்க, வண்டி ஆட்டத்துல சரியாத் தெரியாது. அட்டகட்டியில டீ குடிக்க நிறுத்துவேன், அங்க பாக்கலாம். நீங்க படிச்சவங்க, எஸ்டேட் கணக்கெல்லாம் தணிக்கை பண்ண வந்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடும்.

என்ன நடந்துச்சுன்னா, ஆழியாத்துக்கு இக்கட்டால நமக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்குதுங்க. மழை நின்னதும் கொரங்குக எறங்கிருச்சு. எளங்காயத் திருகும், ஒரு வாய் குடிக்கும், கீழ போட்டுட்டு அடுத்ததத் திருகும். தின்னுட்டுப் போனாக்கூட மனசு ஆறும், வேடிக்கைக்குல்ல பிச்சுப் போடுது. பட்டாசு வெடிக்கலாம்னா பக்கத்துத் தோட்டத்துல செனை மாடு. அதனால துப்பாக்கி. கொரங்கச் சுடறதுக்கு இல்லீங்க. ஆஞ்சநேயரைச் சுட்டுப்போட்டு எவன் இந்த மலையில வண்டி ஓட்டறது? ஃபாரஸ்டுக்காரனும் புடிச்சு உள்ள வெச்சுருவான். நம்ம முறையே வேற. டீக்கடையில காலியான எண்ணெய் டின்னுகளை வாங்கியாந்து மரத்துக்கு மரம் கவுத்துல கட்டித் தொங்க விட்டேன். கொரங்கு எந்த மரத்துல ஏறுதோ அந்த மரத்து டின்னச் சுடறது. டிங்குனு சத்தம் கேட்டா மொத்தக் கூட்டமும் ஓடிப் போயிரும். சத்தமும் ஆச்சு, பாவமும் இல்ல. எப்படி இருக்குது ரோசனை?

டிங்குனு கேக்கோணுமில்ல. அதுதான் கேக்கல.

அந்தத் துப்பாக்கி மூக்குல ஒரு முள்ளு, பின்னால ஒரு காடி. காடிக்குள்ள முள்ள நிறுத்தி, முள்ளு மேல டின்ன நிறுத்திச் சுடோணும். எங்க நிக்குது? முள்ளப் பாத்தா டின்னு இல்ல, டின்னப் பாத்தா முள்ளு இல்ல. செய்யறவன் ஒழுங்காச் செய்யல. கொரங்குக ஓடவும் இல்ல, வரிசையா உக்காந்து நான் சுடறத வேடிக்கை பாக்குதுக. ஒரு குட்டி எறங்கி வந்து டின்னு மேலயே உக்காந்துக்குச்சு. எங்க பங்காளி மருதாசலம் வேலியோரமா நின்னுட்டு, தோப்புலயே பத்திரமான எடம் அதுதான்னு அந்தக் குட்டிக்குத் தெரிஞ்சு போச்சுங்கறான். அவனுக்கு எகத்தாளம் எச்சு.

சரி, முள்ளும் காடியும் வேண்டாம்னு முடிவு பண்ணுனேன். ஒரு மாசம் இதே சோலி சார். ஸ்டாண்டுல சவாரிக்குக் காத்திருக்கறப்ப பூராவும் போன்ல இதான் பாக்கறது. ஸ்கோப்புன்னு ஒண்ணு இருக்குது, டின்னப் பக்கத்துல கொண்டாந்து காட்டும், ஆனா கண்ண ஒரே எடத்துல வெக்கோணும், அக்கட்டால இக்கட்டால நவுந்தா இருட்டாயிரும். ரெட் டாட்டு அப்படி இல்ல. ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், அதுக்குள்ள செவப்பா ஒரு புள்ளி. ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்கலாம். புள்ளிய டின்னு மேல வெச்சுச் சுட்டா முடிஞ்சுது, வேற கணக்கு வழக்கு ஒண்ணும் கெடையாது. அதுலயும் கொழல் மாதிரி மூடுனது, சன்னல் மாதிரி தொறந்தது, சின்னப் புள்ளி, பெரிய புள்ளி, செவப்பு, பச்சைன்னு ஊருப்பட்டது இருக்குது. ஸ்டாண்டுல எல்லாரும் சிரிப்பானுக, ஏண்ணா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பக்கூட நீங்க இத்தனை பாக்கலியேன்னு. அது நெசந்தான். மாப்பிள்ளைய ஒருக்காதான் போயிப் பாத்தேன்.

பிரேக்கு எதுக்குங்களா? மாடுதானுங்க சார். பாத்தேன், பாத்தேன். நீங்க சத்தம் போடறதுக்கு முன்னாலயே பாத்துட்டேன். இந்தப் பனியில மாட்டுக்காரனுக மாட்ட அவுத்து விட்டுட்டுப் போயிருவானுக, மாட்டு மேல ஒரு லைட்டாவது கட்டக் கூடாதா.

எங்க விட்டேன்? கடை. கோயமுத்தூர்ல இந்தத் துப்பாக்கிச் சாமானெல்லாம் விக்கற கடை ஒண்ணு. பேரு வேண்டாம், கேசு போடப் போறமில்ல. உள்ள போனா ஒரு பொம்பளப் புள்ளை நிக்குது. முப்பது வயசிருக்கும், பேரு பூர்ணிமா. நான் அப்பா இல்லையாம்மான்னு கேட்டேன், நாந்தான் பாத்துக்கறேன் சொல்லுங்கங்ணான்னுச்சு. காலேஜுல துப்பாக்கி சுட்டு மெடல் எல்லாம் வாங்குன புள்ளையாம், செவுத்துல மாட்டி வெச்சிருக்குது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலின்னு நெனச்சுட்டேன், ஆனா வாய விடல. கேள்வி கேக்கறதுல குத்தம் சொல்ல முடியாதுங்க. உங்க கன்னு ஸ்பிரிங்கு வெச்சதா, ஸ்பிரிங்குன்னா முன்னாலயும் ஒதைக்கும் பின்னாலயும் ஒதைக்கும், லேசான சைட்டு தாங்காது. கன்னு மேல சைட்டு மாட்டற பள்ளமும் சைட்டோட அடிக்கட்டையும் அளவு சேரோணும், இல்லீன்னா ஒவ்வொரு குண்டுக்கும் நவுந்து போகும். இதெல்லாம் சொல்லிட்டு, டின்னு எத்தனை தூரத்துல இருக்குதுன்னு கேட்டுட்டு, சின்னப் புள்ளியே போதுங்ணான்னுச்சு. நான் நல்லாப் பெருசா, நல்லா வெளிச்சமா வேணும்னு சொல்லி வாங்கியாந்தேன்.

ஊட்டுக்கு வந்து மாட்டி, சுச்சப் போட்டுப் பாக்கறேன். புள்ளி இருக்குது. ஆனா புள்ளியா இல்ல. வேர்வையில கலைஞ்ச பொட்டு மாதிரி ஒரு பக்கமா இழுத்துட்டு, வாலும் தலையுமாக் கெடக்குது. டின்னு மேல வெச்சா டின்னு பூராவும் செவப்பாயிருது. எங்கன்னு சுடறது?

மறுநாளே கொண்டு போனேன். பூர்ணிமா கண்ணுல வெச்சுப் பாத்துட்டு, உருண்டையாத்தான் இருக்குங்ணாங்குது. நான் பாத்தேன், வாலு இருக்குது. அது பாத்தா வாலு இல்ல. வெளிச்சத்தக் கொறைச்சுக் குடுத்துச்சு, வாலு கொஞ்சம் சின்னதாச்சு, போகல. சரின்னு வேற கம்பெனியில ஒண்ணு குடுத்துச்சு, வெலை எச்சு. ஊட்டுல கொண்டாந்து பாத்தா அதுலயும் அதே வாலு. பச்சையில கேட்டேன். பச்சையா வாலு. மூணாவது தடவை போனப்ப நான் விடல சார். கடையில இருக்கற அத்தனை சைட்டையும் எடுத்து மேசை மேல அடுக்கச் சொல்லி ஒவ்வொண்ணாப் பாத்தேன். அத்தனையும் டூப்ளிகேட்டு. ஒண்ணுலகூட ஒழுங்கான புள்ளி கெடையாது. ஒரு கடைக்காரன் எத்தனை துணிச்சலா ஏமாத்தறான் பாருங்க, ஒரு நல்ல உருப்படிகூட வெச்சுக்கல.

அந்தப் புள்ளை சும்மா இருந்துச்சா? அதோட போன எடுத்து, சைட்டுக்குப் பின்னால வெச்சு ஒரு போட்டோ எடுத்துக் காட்டுச்சு. போட்டோவுல புள்ளி உருண்டையா இருக்குது. அதுக்கென்னங்க? இப்ப வர்ற போன்ல என்னை எடுத்தா நானே மாப்பிள்ளை மாதிரி இருக்கறேன். மூஞ்சியில இருக்கற குழியெல்லாம் மூடி விடற போனுக்கு ஒரு வாலத் தொடைக்கறதா கஷ்டம்? அதையும் சொல்லிட்டேன். அப்பறம் சைட்ட அப்படியே தலைகீழாத் திருப்பிக் குடுத்து, இப்பப் பாருங்கங்ணா, வாலு எந்தப் பக்கம் இருக்குதுன்னுச்சு. சோத்தாங்கைப் பக்கம். மறுக்கா நேராத் திருப்பிக் குடுத்துச்சு. அப்பவும் சோத்தாங்கைப் பக்கந்தான். சைட்டத் திருப்புனா வாலும் கூடத் திரும்போணுமில்லீங்ணா, திரும்பலீன்னா என்ன அர்த்தம்னு கேக்குது. நான் சொன்னேன், எப்படித் திருப்புனாலும் கோளாறு இருக்குதுன்னா, உள்ளுக்குள்ள ஊறிப்போன கோளாறும்மா அதுன்னு.

அப்பத்தான் அது அந்த வார்த்தையச் சொல்லுச்சு. கொரலத் தாழ்த்தி, பக்கத்துல ஆளு இருக்குதான்னு பாத்துட்டுத்தான் சொல்லுச்சு, அதை ஒத்துக்கறேன். "தப்பா எடுத்துக்காதீங்கங்ணா. ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. கண்ணு நல்லாருக்குன்னு அவரு சொன்னா, உங்க காசு பூராவும் திருப்பித் தர்றேன்."

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. கடையில நின்னு கத்திப்போட்டேன். ஒரு டிரைவரப் பாத்துக் கண்ணக் காட்டுங்கறது, சமையக்காரனப் பாத்து நாக்கக் காட்டுங்கற மாதிரி இல்லீங்களா? லைசென்சு புதுப்பிக்கறப்ப டாக்டர் சர்டிபிகேட்டு குடுத்திருக்காரு சார், பார்வை நல்லாருக்குன்னு. தலைய நிமித்தி என்னை ஒருக்காகூடப் பாக்கல அந்த மனுசன். அத்தனை நம்பிக்கை.

உங்களுக்கு ஸ்டாண்டு சமாச்சாரம் தெரியாது. எங்க ஸ்டாண்டுல ரெண்டு வரிசை. மலை வரிசைன்னு ஒண்ணு, கீழ வரிசைன்னு ஒண்ணு. மலை வரிசைன்னா வால்பாறை, டாப்சிலிப்பு, பரம்பிக்குளம். கீழ வரிசைன்னா ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத்துப் புள்ளைக. எவன் ஒருத்தன் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிட்டு வர்றானோ, அவன் அன்னைக்கே வண்டிய எடுத்துக் கீழ வரிசையில போடோணும். யாரும் எழுதி வெக்கல, அது அப்படித்தான். லாட்ஜு மேனேஜருக அந்தக் கண்ணாடிக்காரரு வேண்டாம்னு சொல்லிருவாங்க. கதிரேசன்னு ஒருத்தன், எங்கூட ஒண்ணா ஓட்டக் கத்துக்கிட்டவன். தடியா ஒரு கண்ணாடி மாட்டுனான். இப்பக் கீழ வரிசையில உக்காந்து பேப்பர் படிக்கறான். கதிரேசன்னு கூப்புடக்கூட ஆளில்ல, கண்ணாடின்னுதான் கூப்புடறானுக. மலைக்குப் போகாம அந்த வெயில்ல உக்காந்திருக்கறதுக்கு செத்துப் போலாம்.

இந்த வண்டிக்காரன் லைட்டப் பாருங்க. இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் என்ன லைட்டு வெக்கறானுகளோ, ஒரு லைட்டு எட்டு லைட்டா வருது. நீங்க எதுக்கு அந்தக் கைப்புடிய அப்படிப் புடிச்சுட்டு இருக்கறீங்க, கழண்டு வந்துரும், ஏற்கெனவே லூசு. எங்க ஊட்டுக்காரி புடிச்சுப் புடிச்சு லூசாக்கிட்டா.

அவளைப் பத்திச் சொல்லோணும். துளசிமணின்னு பேரு. பாதிக் கேசே அவளாலதான்.

காசு திரும்பாதுன்னு ஆனதும் இருக்கறத வெச்சே சுடலாம்னு ஒரு நாள் சாயங்காலம் தோப்புக்குப் போனேன். கொரங்கு வந்திருச்சு. வாலும் தலையுமா இருக்கற புள்ளிய, தூரத்துல பளபளன்னு தெரிஞ்ச டின்னு மேல வெச்சு அமுக்குனேன். டிங்குனு கேட்டுச்சு சார். மொத மொறையாக் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு எத்தனை நாளாக் காத்திருக்கறேன். துப்பாக்கிய ஒரு கையில தூக்கிப் புடிச்சுட்டுச் சின்னப் பையன் மாதிரிக் குதிச்சேன். கொரங்கெல்லாம் ஓடுச்சு. மருதாசலம் வேலியத் தாண்டி ஓடியாந்தான். அவன் எங்கிட்ட வரல, கெணத்துப் பக்கம் ஓடுனான்.

துளசிமணி இடுப்புல எவர்சில்வர் கொடம். கொடத்துல பட்டிருக்குது.

நான் போயிப் பாக்கறேன், கொடத்த எறக்கி வெச்சுட்டு அவ மண்ணுல உக்காந்திருக்கறா. கொடம் ஒடுங்கிப் போயிருக்குது, அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு உசுரே போயிருச்சுங்க. அவ அழுகல, திட்டல. என்னையே பாத்துட்டு இருந்தா. "எதைப் பாத்துச் சுட்டீங்க?"ன்னு கேட்டா. டின்னப் பாத்துத்தான்னு சொன்னேன். "டின்னு இருந்தது மேக்கால. நான் நின்னது கெழக்கால"ன்னா. அவ்வளவுதான். எந்திரிச்சு, இருந்த தண்ணியக் கீழ கொட்டிட்டு, வேற தண்ணி மொண்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டா.

பாத்தீங்களா சார், ஒரு சைட்டு எந்த அளவுக்கு ஆள ஏமாத்துதுன்னு? கெழக்க மேக்காக் காட்டுது. அன்னைக்கு ராத்திரி நான் சோறு திங்கல. கொஞ்சம் மேல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அவ இல்லாம நான் என்னத்துக்கு? அந்தக் கோவத்துலதான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணுனேன். பணத்துக்கு இல்லீங்க. அந்தக் கடைக்காரி எந்த ஊட்டுப் பொம்பளையையும் இப்படிக் கொல்லப் பாக்கக் கூடாது, அதுக்குத்தான்.

துளசிமணிக்குத்தான் அன்னைக்கு அதிர்ச்சியில மூளை கொஞ்சம் கலங்கிருச்சு. மறுநாள் காலையில நான் வண்டியெடுக்கறேன், குளிச்சு, பூ வெச்சுட்டு வந்து முன்சீட்டுல உக்காந்துட்டா. எங்கடின்னா, நானும் வர்றேங்கறா. வால்பாறைக்குச் சவாரிம்மா, வெளியூரு ஆளுக இருப்பாங்கன்னேன். இருக்கட்டும், மலை பாத்து நாளாச்சுங்கறா. அன்னைக்குத் தொத்துனவதான், ஒரு சவாரி விடறதில்ல. வந்தாலும் கம்முனு வர்றாளா? ரேடியோவுல கிரிக்கெட்டு சொல்ற மாதிரி சொல்லிட்டே வருவா. ஏனுங்க, எதுக்கால பஸ்ஸு வருதுங்க. ஏனுங்க, எடது பக்கம் பள்ளம். வளைவு வந்துருச்சு, ஹாரன் அடிங்க. அந்தாளு ரோட்டத் தாண்டறான், நில்லுங்க. எனக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பி உட்டு ஓட்டச் சொன்னாலும் இந்த மலையில ஓட்டுவேன். சவாரிக்காரங்க சிரிப்பாங்க, எனக்கு மானம் போகும். ஆனா ஒண்ணு சார், அவ வர ஆரம்பிச்சதுல இருந்து வண்டி ஓட்டறது ஒரு அலுப்பாவே தெரியல. பேச்சுத் துணைதான், வேறென்ன.

இன்னைக்கு அவ இல்ல. உடுமலையில தங்கச்சி மகளுக்குச் சீரு, போகாம முடியாது. போறப்ப என் கையப் புடிச்சுட்டு, நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க மாமா, எம் மேல சத்தியம்னு சொல்லிட்டுப் போனா. மாமான்னு அவ கூப்புட்டு எத்தனையோ வருசமாச்சு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா எஸ்டேட்டுல இருந்து போன் வர்றப்ப எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? ஒருக்கா மாட்டேன்னா அடுத்த ஆளுக்குப் போகும், அப்பறம் அவனுக்கே போகும்.

இதா, அட்டகட்டி வந்துருச்சு. எறங்குங்க. பாத்து, வண்டி கொஞ்சம் ஓரமா நின்னுருச்சு போல, சாக்கடைக்குள்ள கால வெச்சுராதீங்க. ரெண்டு டீ போடப்பா, ஒண்ணு சக்கரை கொறைச்சு.

இப்ப எடுங்க அதை. அந்தத் திருகுல சுச்சு இருக்குது, திருகுங்க. அந்த மரத்தப் பாத்து வெச்சுக்குங்க. அவசரப்படாதீங்க, நல்லா நெதானமாப் பாத்து மனசறிஞ்சு சொல்லுங்க. வக்கீலு சொல்லியிருக்காரு, பாத்தவங்க சாட்சி இருந்தா கேசு நிக்கும்னு. அதனாலதான் சவாரி வர்றவங்க ஒருத்தர் விடாமக் காட்டறேன். சொல்லுங்க, எப்படித் தெரியுது?

உருண்டையாவா?

நல்லாப் பாருங்க சார். வாலு இல்ல? சோத்தாங்கைப் பக்கம்?

நீங்களும் உருண்டைங்கறீங்க. இதுவரைக்கும் பாத்த அத்தனை பேரும் இதையே சொல்றாங்க. காலேஜு வாத்தியாரு ஒருத்தரு, திருப்பூருக்காரங்க ஒரு குடும்பமே, புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு, அத்தனை பேருக்கும் உருண்டை. எனக்கு மனசு விட்டுப் போச்சுங்க. சைட்டு போனாப் போகட்டும், ஜனங்களுக்குப் பார்வை இப்படிப் போச்சேன்னு இருக்குது. போனப் பாத்துப் பாத்து எல்லாத்துக்கும் கண்ணு அவிஞ்சு போச்சு. இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட வாலு தெரியலீன்னா நாடு எப்படிங்க உருப்படும்? கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன். நீங்க சின்ன வயசு. ஒருக்கா கண்ணக் காட்டிருங்க.

என்னங்க, டீ வேண்டாமா? மூஞ்சி வெளுத்திருக்குது. பொரட்டுதுங்களா?

சாவியா? எதுக்குங்க?

நீங்க ஓட்டறீங்களா? என்ன சார் வெளையாட்டு இது. லைசென்சு இருக்கட்டும், ஊருக்குள்ள ஓட்டறதும் இதுவும் ஒண்ணா? இத்தனை வருசத்துல ஒருத்தன் எங்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. பயமா இருந்தா பஸ்ஸுக்கு நில்லுங்க, வரும், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். என்னை இப்படிச் சொல்லாதீங்க.

எந்தப் போர்டு? எதுத்தாப்புல இருக்கறதா? அதைப் படிச்சுக் காட்டோணுமா? இது என்ன பரிட்சை. யானைகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும். போதுங்களா? இந்த மலையில இருக்கற போர்டு பூராவும் எனக்கு மனப்பாடம்.

டீத்தூள் வெளம்பரமா?

எப்ப மாத்துனாங்க?

இல்ல, சும்மாதான் கேக்கறேன். ஏப்பா, அந்த யானைப் போர்டு எப்ப எடுத்தாங்க? போன வருசமேவா. சரி. சரியப்பா.

நீங்க டீயக் குடிங்க சார், ஆறுது.

துளசிமணி போன வருசம் பூராவும் இந்தப் பக்கம் வரல, அதான். வந்திருந்தா அவ சொல்லியிருப்பா. எதையும் சொல்லாம விட மாட்டா.

பனி ஏறுது. உங்களுக்கு மலையில ஓட்டிப் பாக்கோணும்னு ஆசை, அது எனக்குத் தெரியுது. டவுன்ல இருந்து வர்றவங்களுக்கு இருக்கறதுதான். இந்தாங்க. புடிங்க சாவிய. ரெண்டாவது கியர்லயே எறக்குங்க, பிரேக்க மிதிச்சுட்டே போகாதீங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், பயப்படாதீங்க. எனக்கு என் கைய எங்க வெக்கறதுன்னே தெரியல பாருங்க, இந்தச் சீட்டுல உக்காந்து பழக்கமில்ல.

ஒரே ஒரு ஒதவி சார். பொள்ளாச்சிக்கு முன்னால ஒரு பெட்ரோல் பங்கு வரும். அங்க நிறுத்தி எறங்கிக்குங்க, நாம எடம் மாத்திக்கலாம். ஸ்டாண்டுக்குள்ள நானே ஓட்டிட்டுப் போறேன். பசங்க பாப்பானுக. அங்க ரோடு நேராத்தானுங்க இருக்கும்.